மூணாம் தண்ணி

"இதையெல்லாம் கேட்ட பிறகும் எனக்கு ஒரு குச்சி வெட்டித் தருவீங்களா?"

போன வருஷம் வசந்தம் முடிகிற சமயத்தில், ஒரு காலை வேளையில், எங்கள் வாசலில் நின்று ஒருவர் இப்படிக் கேட்டார். அவர் கையில் ஈரச் சாக்குத்துணி சுற்றிய இரண்டு ரோஜாக் குச்சிகள் இருந்தன. அவர் சொன்னதையும், பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அவரைக் கூட வேலை செய்பவர்கள் மூணுதண்ணி என்று கூப்பிடுவார்கள். ரயில் பாதை ஓரத்தில் முளைக்கிற புல்லையும் களையையும் மருந்தடித்துக் கொல்வது அவர் வேலை. முதுகில் பதினாறு லிட்டர் டேங்க், இடது கையில் பம்புப் பிடி, வலது கையில் நீளக் குழாய். இருபத்திரண்டு வருஷமாக அதே நடை. டேங்க் இல்லாத நாளிலும் லேசாக முன்னால் குனிந்தபடிதான் நடப்பார்.

பெயர் வந்த கதை சின்னது. மாலையில் வேலை முடிந்ததும் ஆட்கள் கூடுகிற கொட்டகையில் டேங்கைக் கழுவி வைக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு தடவை தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவர் விடமாட்டார். புதிதாகச் சேருகிறவர்களை நிற்க வைத்துப் பாடம் நடத்துவார்.

"முதல் தண்ணி மருந்துக்கு. ரெண்டாம் தண்ணி வாடைக்கு. மூணாம் தண்ணி நம்ம மறதிக்கு. மூணையும் டேங்குக்குள்ள மட்டும் ஊத்தினா போதாது, குழாய் வழியா அடிச்சு வெளியேத்தணும். புரியுதா?"

"புரியுதுண்ணே. நாலாம் தண்ணி எதுக்குண்ணே, உங்களுக்குக் குடிக்கவா?" என்று மேஸ்திரியே கிண்டல் செய்வார். கொட்டகையே சிரிக்கும். இவரும் சிரித்துக்கொண்டே மூணாம் தண்ணியை ஊற்றுவார்.

வீட்டிலும் அப்படித்தான். அக்கா பாத்திரம் கழுவும்போது பின்னால் நின்று, "அக்கா, ரெண்டு தண்ணிதான் பாத்திருக்கு" என்பார். "வந்துட்டாருடா இன்ஸ்பெக்டரு. போடா அந்தப் பக்கம்" என்று அக்கா ஈரக் கையை அவர் முகத்தில் உதறுவாள்.

வீடு அக்காவுடையது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் நான்கு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற அளவுக்கு ஒரு தோட்டம். மனைவி அவரை விட்டுப் போன பிறகு இவர் ஒரு பெட்டியோடு வந்து அக்காவிடம் ஒண்டிக்கொண்டார். அக்காவுக்குக் கணவன் முன்பே இல்லை. ஒரே மகன். அவன் தபால்காரன். சைக்கிளில் கடிதம் கொடுக்கப் போகிற வீடுகளில் நல்ல ரோஜாவைப் பார்த்தால், "ஒரு குச்சி தருவீங்களா? எங்கம்மாவுக்கு" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவான். தபால்காரன் கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? இப்படிப் பதினோரு வீட்டிலிருந்து பதினோரு குச்சி கொண்டுவந்து நட்டான். எல்லாம் பழைய ஜாதி ரோஜா. வருஷத்துக்கு ஒரே தடவை, வசந்தம் முடியும்போது, இரண்டு வாரம் மட்டும் பூக்கும். பிறகு அடுத்த வருஷம்தான்.

அந்தச் செடிகளுக்கு வேறு பெயர் கிடையாது. எந்த வீட்டுக் குச்சியோ அந்த வீட்டுக் கதவு நம்பர்தான். "ஒன்பது மொட்டு விட்டுடுச்சு." "பதினாலுக்குத் தண்ணி பத்தலை." "நாப்பதின் கீழ் பி இந்த வருஷம் கோவிச்சுக்கிச்சு." அம்மாவும் மகனும் இப்படிப் பேசுவதைக் கேட்டால் யாரும் ஏதோ குடும்ப விவகாரம் என்றே நினைப்பார்கள். எந்த நம்பர் எங்கே நடப்பட்டது என்பதைப் பென்சிலால் அலமாரிக் கதவின் உள்பக்கம் அவன் எழுதி வைத்திருந்தான்.

ஒரு மழைநாளில் தெருமுனையில் திரும்பிய லாரி ஒன்று அவனைப் பார்க்கவில்லை. கடிதப் பையை மட்டும் ஈரத்தோடு வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சாப்பிட்டாள், தூங்கினாள், வீட்டைப் பெருக்கினாள். ஆனால் அவளுக்கு உயிர் வருவது அந்த இரண்டு வாரத்தில்தான். பதினோரு செடியும் பூக்கும்போது ஒரு முக்காலியைப் போட்டு நடுவில் உட்கார்ந்துவிடுவாள். பறிக்கமாட்டாள். ஒவ்வொன்றாகப் பார்ப்பாள், அவன் எந்த வரிசையில் வீடு வீடாகப் போவானோ அதே வரிசையில்.

அவளைச் சிரிக்க வைக்க ஒருத்தியால்தான் முடிந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரி. வாடகைக்கு இருந்தவள். ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கான அங்கி தைத்துக் கொடுப்பாள். அவள் மெஷினும் நிற்காது, வாயும் நிற்காது. அதனால் அக்கா அவளுக்கு லொடலொட என்று பெயர் வைத்திருந்தாள். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். உதட்டோரம் இரண்டு குண்டூசியைக் கடித்துக்கொண்டு ஒரு பக்க வாயாலேயே ஊர்க் கதை முழுக்கச் சொல்லுவாள். சிரிப்புக் கதை என்றால் முடிப்பதற்கு முன்பே தானே சிரித்துவிடுவாள், அதனால் அவள் சொன்ன எந்தக் கதைக்கும் முடிவு யாருக்கும் தெரியாது.

முப்பத்திரண்டாம் நம்பரின் ஒரு கிளை வேலியைத் தாண்டி அவள் பக்கம் சாய்ந்திருந்தது.

"வேலி தாண்டி வந்தது எனக்குத்தான், அக்கா. வேணும்னா கோர்ட்டுக்குப் போ."

"வெச்சுக்கோடி. முள்ளும் சேத்து வெச்சுக்கோ."

வேலியோரத்தில் ஒரு தொட்டியில் அவள் அங்கித் துணிகளை மருந்து போட்டு வெளுப்பாள். வெளுத்த தண்ணீரைத் தொட்டியடியில் இருந்த சிறு வாய்க்காலில் திறந்துவிடுவாள். மூன்று வருஷமாக அது அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அதனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

மகன் போன மூன்றாவது வசந்தத்தில் மொட்டுகளின் கழுத்தைச் சுற்றிப் பச்சைப் பூச்சி அப்பியது. அக்கா பதறிப்போனாள். பூச்சி மருந்து பாட்டிலை வாங்கி வைத்துவிட்டு, "டேய், நாளைக்கு டேங்கு கொண்டுவா. மொட்டையெல்லாம் தின்னு தீத்துடும்" என்றாள்.

கொட்டகையில் இரண்டு வகை டேங்க் உண்டு. சிவப்பு மூடி போட்டது களை மருந்துக்கு. வெள்ளை மூடி போட்டது பூச்சி மருந்துக்கு. ஒன்றை இன்னொன்றுக்கு எடுக்கக்கூடாது. அந்த வாரம் வெள்ளை மூடி டேங்கின் பம்பு உடைந்து கிடந்தது. ஒரு நாள்தானே, நன்றாகக் கழுவிவிட்டால் போகிறது என்று சிவப்பு மூடியை எடுத்தார். முதல் தண்ணி ஊற்றி அடித்தார். இரண்டாம் தண்ணி ஊற்றி அடித்தார். மூன்றாவதுக்குத் தண்ணீர்க் குழாயைத் திறந்தபோது சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. வெளியே ஆட்களை ஏற்றிப்போகும் வண்டி ஹாரன் அடித்தது. மூணாம் தண்ணியை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று டேங்கோடு ஏறிவிட்டார்.

வீட்டில் அக்கா மருந்தை மூடியில் அளந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "எவ்வளவு நேரம்டா? சீக்கிரம், சீக்கிரம்." அவள் அவசரப்பட்டு அவர் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே மருந்தைக் கலந்து முதுகில் மாட்டிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார்.

நாலாவது செடியில் ஞாபகம் வந்தது.

கை நின்றது. அவர் அடிக்கிற களை மருந்து கொஞ்ச நஞ்சம் ஒட்டியிருந்தாலும் ரோஜாவைத் திருகிவிடும் என்பதைக் கொட்டகையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. அப்போதே நிறுத்தி, அடித்த நாலு செடியையும் நல்ல தண்ணீரால் கழுவிவிட்டிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும். மீதி ஏழும் நிச்சயம் தப்பியிருக்கும். ஆனால் முக்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். "ஏன்டா நிறுத்திட்ட?" என்றாள். மூணுதண்ணி இரண்டு தண்ணியோடு வந்துவிட்டான் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. இரண்டு தடவை கழுவியாச்சே, ஒன்றும் ஆகாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

"பம்பு இறுகுது, அக்கா" என்று சொல்லிவிட்டு மீதி ஏழையும் அடித்து முடித்தார்.

ஐந்தாம் நாள் இளங்கொழுந்து சுருண்டது. பத்தாம் நாள் இலைகள் பறவைக் கால்விரல் மாதிரி மடங்கின. மொட்டுகள் கழுத்து முறுக்கித் தலைகீழாகத் தொங்கின. ஒன்றுகூடத் திறக்கவில்லை. அந்த வருஷம் வசந்தம் முடியும்போது தெருவில் எல்லா வீட்டு மதிலுக்கு மேலும் பூ எட்டிப் பார்த்தது. அக்கா வீட்டுத் தோட்டத்தில் பதினோரு செடியும் தீய்ந்த கம்பி மாதிரி நின்றன.

அக்கா அழவில்லை. ஒரு மொட்டைக் கிள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"நீ தொழில்காரன். பாத்துச் சொல்லு. என்னடா ஆச்சு?"

அவர் மொட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்க அதில் ஒன்றும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. வெளுத்த தண்ணீர் திறந்துவிடுகிற சத்தமும் கேட்டது.

"வெளுக்கிற மருந்து வேர்ல இறங்கியிருக்கும், அக்கா."

சொல்லி முடிப்பதற்குள் அக்கா வேலியோரம் போய்விட்டாள். அவளுக்குள் அவ்வளவு சத்தம் மிச்சம் இருந்தது அவருக்கே தெரியாது.

"அடியே! வெளிய வாடி! என்ன பண்ணி வெச்சிருக்க, வந்து பாரு!"

லொடலொட குண்டூசியோடு ஓடிவந்தாள். செடிகளைப் பார்த்ததும் குண்டூசியை எடுத்துவிட்டாள். "ஐயோ, அக்கா. என்ன ஆச்சு இதுக்கெல்லாம்?"

"என்னவா? உன் தண்ணிதான் ஆச்சு. வேரோட எரிச்சுட்ட."

"என் தண்ணியா? மூணு வருஷமா ஊத்துறேனே, அக்கா. இங்க பாரு, வாய்க்கால் ஓரத்துல என் கீரை தளதளன்னு நிக்குது. உன் செடியைக் கொல்ற தண்ணி என் கீரையை விட்டுடுமா?" அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்க மருந்துக்காரரு. உங்களுக்குத் தெரியாததா?"

அந்த நேரத்தில் அவர் வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னார். ஆனால் வேறு வாக்கியம்.

"கீரைக்கு வேர் மேலாப்புல இருக்கும். ரோஜா வேர் ஆழத்துக்குப் போகும். மருந்து அடியிலதான் தங்கும்."

சுத்தப் பொய். ஆனால் இருபத்திரண்டு வருஷத் தொழில் அதில் பேசியது. தையல்காரி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"அப்படியா, அண்ணே? எனக்கு அதெல்லாம் தெரியாது. தெரியாமப் பண்ணிட்டேன், அக்கா. அவன் செடின்னு எனக்குத் தெரியாதா? என் கையை வேணா..."

"பேசாத. இனி என் வீட்டுப் பக்கம் உன் சத்தமே கேக்கக்கூடாது."

தையல்காரி அதை அப்படியே கடைப்பிடித்தாள். அடுத்த நாள் முதல் மெஷினை வேலியோர அறையிலிருந்து தெருப்பக்க அறைக்கு மாற்றிவிட்டாள். வெளுக்கும் தொட்டியை உடைத்துவிட்டாள். வாசலில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவர் இருவருக்கும் நடுவே, எதையாவது மறந்துவிட்டவர் போலச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நடந்துபோனார்.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தார். சொன்னால் பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்றும் நினைத்தார். இரண்டாவது நினைப்பே ஒவ்வொரு வாரமும் ஜெயித்தது. இலையெல்லாம் கொட்டி, குளிர் வந்து, செடிகள் வேரோடு செத்தன. அக்கா அவற்றைப் பிடுங்கவும் விடவில்லை.

குளிர் முடிகிற நேரத்தில் ஒரு நாள் பக்கத்து வீட்டு வாசலில் வண்டி நின்றது. மெஷினையும் இரண்டு மூட்டையையும் ஏற்றினார்கள். தையல்காரி அக்கா வீட்டுக் கேட் வரைக்கும் வந்தாள். கூப்பிடவில்லை. கையில் இருந்த மண்சட்டியைக் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டாள். சட்டியில் ஒரு சாண் உயரத்துக்கு முள்ளுக் குச்சி ஒன்று, இரண்டு கிளையோடு.

"தூக்கிப் போடு அதை" என்றாள் அக்கா. அவர் தூக்கினார், ஆனால் போடவில்லை. வீட்டுப் பக்கவாட்டில், அக்கா கண்ணில் படாத இடத்தில் வைத்துத் தினமும் வேலைக்குப் போகும் முன் தண்ணீர் ஊற்றினார். அதற்கு மட்டும் அவர் மூன்று தடவை ஊற்றியதாகச் சொன்னார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லையாம்.

வசந்தம் முடிகிற சமயம் அது பூத்தது. ஒரே ஒரு பூ. துணி காயப்போட வந்த அக்கா கண்ணில் பட்டுவிட்டது. அவர் வேலை முடிந்து வந்தபோது அவள் சட்டிக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"இது எந்த நம்பர்?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"கேக்குறேன்ல. எந்த நம்பர்?"

"முப்பத்திரண்டு."

"அவ பக்கம் சாஞ்ச கிளையில இருந்து எடுத்திருக்கா. செடி சாகுறதுக்கு முந்தின வருஷமே எடுத்திருக்கணும். இந்தச் சட்டியை நான் பாத்திருக்கேன். வெளுக்கிற தொட்டிக்கு அடியில, வாய்க்கால்லயே உக்காந்திருக்கும். என்னடி வளக்குறன்னு கேட்டதுக்கு, பொறு, சொல்றேன்னு சிரிச்சா." அக்கா பூவைத் தொடாமல் அதன் கீழே உள்ளங்கையை வைத்திருந்தாள். "தினமும் அந்தத் தண்ணிதானே இதுக்குப் போயிருக்கும்?"

அவர் சட்டைப்பையைத் தடவினார்.

"டேய், நீ மருந்து பத்திப் பொய் சொன்னா எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. அது உனக்கும் தெரியும். அதனால நல்லா யோசிச்சுட்டுச் சொல்லு."

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். ஒரே ஒரு வாக்கியம்தான். ஒரு வருஷம் கழித்து அதே வாக்கியம் வெளியே வந்தது.

"அன்னைக்கு ரெண்டு தண்ணிதான் அக்கா விட்டேன்."

அக்காவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்தப் பாடத்தைத் தினமும் பாத்திரத்தோடு கேட்டவள் அவள்.

"அடிக்கும்போதே தெரியுமா?"

"நாலாவது செடியில ஞாபகம் வந்துச்சு."

"மிச்சம் ஏழு?"

"அடிச்சேன்."

அக்கா பூவுக்குக் கீழிருந்து கையை எடுத்துக்கொண்டாள். பிறகு, "செடி போச்சு. அது போகட்டும். அவகிட்ட நான் ஒரு வருஷம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேனேடா. என் மகன் செடியைக் கொன்னது நீ, அதைக் கொண்டுபோய் அவ மேல போட்டுட்டியே?" என்றாள்.

பெட்டியை எடு என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவர் எங்கள் வாசலில் நின்றபோது சொன்னார். அவள் அலமாரிக் கதவைத் திறந்து பென்சில் எழுத்தைக் காட்டினாள்.

"இந்தப் பதினோரு வீட்டுக்கும் போ. ஒவ்வொரு குச்சி கேளு. ஏன் கேக்குறேன்னும் சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு. முதல்ல அவளைத் தேடு."

தையல்காரியைத்தான் முதலில் தேடினார். அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு வண்டி போன திசை மட்டும் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் இப்போது அங்கியெல்லாம் கம்பெனியிலிருந்து தைத்தே வருகிறது. அவளை யாருக்கும் ஞாபகம் இல்லை. நூல் வாங்கிய கடையில், "ஓயாமப் பேசுமே, அந்தம்மாவா? கடைசி ஒரு வருஷமா வாயே திறக்கலையே" என்றார்கள்.

பிறகு வீடு வீடாக ஏறி இறங்கினார். மூன்று வீட்டில் தோட்டம் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை. ஒரு வீட்டில் கதையைப் பாதி கேட்டதும் கதவைச் சாத்தினார்கள். ஒரு பெரியவர், "ஒரு குச்சிக்கு எதுக்கய்யா இவ்வளவு பெரிய கதை?" என்று கேட்டுவிட்டு வெட்டிக் கொடுத்தார். பதினாலாம் நம்பரில் ஒரு அம்மாள், "அந்தத் தபால்காரப் பிள்ளையா? செத்துட்டானா? வேலையை விட்டுட்டான்னுல்ல நினைச்சேன்" என்று அழுதார். மொத்தம் நான்கு குச்சி கிடைத்தது.

எங்கள் வீடு ஒன்பதாம் நம்பர். கழிவுநீர்க் குழாய் பதித்தபோதே எங்கள் ரோஜாவைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். அதையாவது சொல்லியிருக்கலாம். நான் எதுவும் சொல்லாமல் நின்றேன். அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு அவர் படி இறங்கினார். பத்து நாள் கழித்துத்தான் விஷயத்தைச் சொல்ல அவர் வீட்டைத் தேடிப் போனேன்.

நான்கு குச்சியில் மூன்று காய்ந்துவிட்டன. ஒன்று துளிர்த்திருக்கிறது. அது பூக்க இன்னும் இரண்டு வசந்தமாவது ஆகும். அக்கா அவரிடம் "சாப்பாடு இருக்கு", "கதவைச் சாத்து" என்பதற்கு மேல் பேசுவதில்லை. கொட்டகையிலும் அவரே போய் நடந்ததைச் சொல்லிவிட்டார். இப்போது அங்கே அவர் பெயர் ரெண்டுதண்ணி. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார். அக்கா முக்காலியைச் செத்த செடிகளின் பக்கம் போடுவதில்லை. காலி வீட்டுப் பக்கம் பார்த்துப் போட்டிருக்கிறாள். முப்பத்திரண்டு அவள் காலடியில், அதே சட்டியில்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த ஒரு தையல்காரி இருக்கலாம். கழுத்தில் டேப், உதட்டோரம் குண்டூசி. ஒருகாலத்தில் லொடலொட என்று ஒருத்தி ஆசையாகக் கூப்பிட்டவள். இப்போது அதிகம் பேசாதவளாக இருப்பாள், அதனால் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் எந்தத் தையல்காரியைப் பார்த்தாலும் இந்தக் கதையைச் சொல்லுங்கள், உங்களுக்குத் தெரிந்தவர்களையும் சொல்லச் சொல்லுங்கள். அந்தச் செடிகள் அவள் தண்ணியால் சாகவில்லை என்று சொல்லுங்கள். முப்பத்திரண்டு பூத்தது என்றும், வேலிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள் என்றும் சொல்லுங்கள்.